கோட்டிலிருந்து விலகிய தூரம்

வாசுதேவநல்லூரில் ‘ஆப்செட்’ என்ற வார்த்தையை அறியாதவர் இல்லை. கடைத்தெருவில் அது பலகைகளில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அங்கே கொடுக்கப்பட்டு அங்கேயே வாங்கப்படுகின்றன. அச்சாவது என்னவோ பெரும்பாலும் சிவகாசியில்தான். இங்கே இருப்பது ஒரு மேஜை, மாதிரிகள் ஒட்டிய ஒரு கனத்த ஆல்பம், இப்போது ஒரு கம்ப்யூட்டர். யந்திரம் இல்லாத இடத்தில் யந்திரத்தின் பெயர் மட்டும் தொங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. இந்த வார்த்தைக்குத் தமிழ் என்ன என்று யாரும் கேட்டதும் இல்லை. ஊரைப் பொறுத்தவரை அது தமிழ்தான்.

அகராதிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டு, ‘ஈடுசெய்தல்’ என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பாடப்புத்தகங்களும் பத்திரிகைகளும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. திருநெல்வேலிச் சீமைக்குக் கலைச்சொல் விஷயத்தில் ஒரு சரித்திரம் உண்டு. 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டது. கலைச்சொல் தொகுப்பை ஒரு இயக்கமாகவே நடத்தியது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு ஆங்கில வார்த்தைக்கு நேராக ஒரு தமிழ் வார்த்தையை உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற மனோபாவம் அதன் பிறகு நம்மிடம் நிலைத்துவிட்டது. அச்சுத் தொழிலாளி சொல்லும் ஆப்செட்டும், சர்வேயர் சொல்லும் ஆப்செட்டும், லேத் பட்டறையில் சொல்லும் ஆப்செட்டும், கம்பெனிக் கணக்கர் சொல்லும் ஆப்செட்டும் ஒன்றல்ல. இவற்றில் ஒன்றில்தான் ஈடு இருக்கிறது. அந்த ஒன்று மற்றவற்றை விழுங்கிக்கொண்டு வருகிறது என்பது என் சந்தேகம்.

அச்சிலிருந்தே தொடங்கலாம், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

சிவகாசியின் கதையைத் தீப்பெட்டியிலிருந்து சொல்வது வழக்கம். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் எழுத்து மட்டும் போதாது. மயிலோ புலியோ விளக்கோ வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வர்ணத்தில். ஈய எழுத்து இதற்கு உதவாது. லித்தோ வந்தது, அதன் பின்னால் ஆப்செட் வந்தது, காலண்டர் வந்தது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய லட்சுமியும் முருகனும் ஒரு விதத்தில் தீக்குச்சியின் உபவிளைவு.

லித்தோவைக் கண்டுபிடித்தவன் ஒரு எழுத்தாளன் என்பது நம்மவர்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம். அலாய்ஸ் செனஃபெல்டர் நாடகம் எழுதியவன். தன் நாடகங்களை அச்சிடக் காசில்லாமல், மலிவான வழி தேடி, ம்யூனிக் நகரில் 1796 வாக்கில் சுண்ணாம்புக் கல்லில் எழுதிப் பார்த்தான். எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒட்டாது. கல்லை நனைத்தால் எழுதிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும். மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் ஒரு சமதளத்திலிருந்து அச்சு எடுக்கலாம். அவன் நாடகங்களை இன்று யாரும் படிப்பதில்லை. கல் மிஞ்சியது.

அந்தக் கல்லுக்கும் தாளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பரப்பு வந்ததுதான் ஆப்செட். 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே என்பவர் தகர டப்பாக்களில் அச்சிட இந்த வழியைக் கையாண்டார். கல்லும் விறைப்பு, தகரமும் விறைப்பு. இடையே இளக்கமாக ஏதாவது வேண்டியிருந்தது. தாளுக்கு இது வந்தது 1904 வாக்கில், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், ஐரா ரூபெல் என்பவரின் அச்சுக்கூடத்தில். யந்திரத்தில் தாள் போடத் தவறிய ஒரு சுற்றில், படம் தாளுக்குப் பதில் அழுத்தும் உருளையின் ரப்பர் உறையில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் முதுகில் அந்த ரப்பரிலிருந்து படம் ஏறியது. கெட்டுப்போன அந்தத் தாளைப் பார்த்தால், கல்லிலிருந்து நேரே விழுந்ததைவிட ரப்பரிலிருந்து விழுந்தது துல்லியமாக இருந்தது.

இதில் வார்த்தையின் போக்கைக் கவனிக்க வேண்டும். அச்சுக்கூட ஆங்கிலத்தில் ‘ஆப்செட்’, ‘செட்-ஆஃப்’ என்பன அதற்கு வெகு முன்பே இருந்தவை. காயாத மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் கோளாறுக்குப் பெயர் அது. அடுக்கிவைத்த பாரங்களுக்கு நடுவே வெற்றுத்தாள் சொருகி அதைத் தடுப்பார்கள். ஒரு தொழிலில் பிழைக்குப் பெயராக இருந்த வார்த்தை, அந்தப் பிழையே முறையானவுடன் தொழிலுக்கே பெயராகிவிட்டது. இதில் எங்கே ‘ஈடு’? யார் யாருக்கு என்ன ஈடுசெய்தார்கள்? மை நேரே போகாமல் ஒதுங்கி, ரப்பர் மேல் இறங்கி, அங்கிருந்து போகிறது. அவ்வளவுதான். ‘ஒதுக்கல் அச்சு’ என்று யாராவது சொல்லியிருந்தால் அழகில்லாமல் இருந்திருக்கும், ஆனால் பொய்யாக இருந்திருக்காது.

இந்த ஒதுக்கலால் தமிழ் எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி நம் விமர்சகர்கள் அதிகம் பேசவில்லை. இங்கிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் கொல்லம். 1578இல் அங்கே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது, பதினாறே பக்கம். அதிலிருந்து நானூறு வருஷம் அச்சுத்தமிழ் எழுத்து என்பது கையால் எடுக்கக்கூடிய ஒரு சாமான். அதற்கு எடை உண்டு, தேய்மானம் உண்டு, பற்றாக்குறை உண்டு. ஒரு பாரத்தில் ‘ஙு’ வந்தால் கம்பாசிட்டர் தலையில் கை வைப்பார். கம்பாசிட்டர் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித்தான் படித்தார். அப்படிப் படித்தே பிழை கண்டுபிடித்தார். ஆப்செட் தகட்டில் எழுத்து நேராகவே இருக்கிறது. ரப்பரில் தலைமாறி, தாளில் மறுபடி நேராகிறது. மாற்றிப் படிக்கும் கண்கள் இதனால் வேலையிழந்தன. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது ணை, லை, ளை, னை, றா முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் பழைய வடிவங்கள் போயின. அச்சுக் கேஸில் அவை வெறும் வடிவங்களல்ல, அறைகள். அரசாணையால் அறையைக் காலிசெய்யலாம்; ஈயத்தை வாங்கியவனுக்கு அது நஷ்டம்.

‘எழுத்து’ 1959 ஜனவரியிலும் ‘கசடதபற’ 1970 அக்டோபரிலும் தொடங்கியபோது சிறுபத்திரிகைக்கு அச்சு என்றால் ஈய எழுத்துத்தான். புதுக்கவிதையின் பெரும்பகுதி அதில்தான் பிறந்தது. அந்த நாட்களில் ஒரு கவிதையில் வரிக்கு முன் இடம் விட வேண்டுமென்றால், இரண்டு வரிகளுக்கிடையே மௌனம் வேண்டுமென்றால், அந்த இடத்தைக் குவாட், ஸ்பேஸ், லெட் என்று உலோகத் துண்டுகளால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் நிற்காது, முடுக்கும்போது சரிந்துவிடும். வெற்றிடம் என்பது எழுத்தைவிடக் குள்ளமான உலோகம். மை தொடாத உயரத்தில் நிற்பது. எழுதியவர் தாளில் சும்மா விட்ட இடத்தை ஒருவர் கையால் நிரப்பினார். பத்து வரிக் கவிதைக்கு ஒரு பக்கம் முழுக்கக் காசு கேட்ட அச்சகங்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆப்செட்டில் வெற்றிடத்துக்கு விலை இல்லை. அதனால் கவிதைகளில் இடைவெளி பெருகியதா என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். என் அபிப்பிராயம், பெருகியது என்பது. அதில் பாதி சோம்பல் என்பதும். இதற்காக ஈய எழுத்துக்கு ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தேய்ந்த எழுத்தில் அச்சான கவிதைகளைக் கண்ணில் விரல்விட்டுப் படித்தவன் நான். ஆதிமூலம் மாதிரி ஓவியர்களின் கோட்டோவியங்களை அன்று பிளாக் செய்துதான் போட முடியும்; முந்நூறு பிரதிப் பத்திரிகைக்குப் பிளாக் கூலி ஒரு பாரம். ஆப்செட்டில் ஓவியமும் எழுத்தும் தகட்டுக்கு ஒன்றுதான். பேனாவின் நடுக்கம்கூட அப்படியே வந்தது. இது சின்ன லாபமல்ல.

மற்றத் தொழில்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். லேத்தில் ஒரு இரும்புத் தண்டைக் கூம்பாகக் கடைய வேண்டுமென்றால் பின்முனையைத் தாங்கும் பகுதியை மைய அச்சிலிருந்து கொஞ்சம் தள்ளிவைப்பார்கள். அந்தத் தள்ளல் ஆப்செட். குழாய் வேலை செய்கிறவர் சுவரிலோ உத்திரத்திலோ இடித்துக்கொள்ளாமல் குழாயை ஒரு முழங்கை வளைத்து, மறுபடி பழைய திசைக்கே கொண்டுவந்தால் அது ஆப்செட். அஸ்திவாரம் அகலமாகவும் மேலே வர வரச் சுவர் ஒடுங்கியும் போகும்போது கொத்தனார் விடும் படியை இன்ஜினியர் ஆப்செட் என்பார். தோட்டக்கலை ஆங்கிலத்தில் கற்றாழையின் காலடியில் முளைக்கும் பக்கக்கன்றும் ஆப்செட். இவை எல்லாவற்றிலும் ஒரு நேர்கோடோ மையமோ தாய்த்தண்டோ இருக்கிறது. அதிலிருந்து ஒன்று பக்கவாட்டில் விலகி நிற்கிறது. விலகலைக் கண்ணால் பார்க்கலாம், அடிக்கோல் வைத்து அளக்கலாம்.

கணக்கில்தான் இந்த வார்த்தை வேறு குணம் கொள்கிறது. எனக்கு நீ நூறு தர வேண்டும், உனக்கு நான் அறுபது தர வேண்டும். கழித்துவிட்டு நாற்பதைக் கொடு. இதற்கு நம்மூரில் ‘பிடித்தம்’, ‘கழித்துக்கொள்வது’ என்று சுத்தமான பேச்சுவழக்கு உண்டு. இந்தப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்குப் பிடித்தம் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய கரும்புக்குக் கணக்குச் சீட்டு வரும். அதில் பயிர்க்கடன், வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம் ஒரு தொகை இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது. கோர்ட்டிலும் இதற்கு இடமுண்டு. 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், எட்டாவது கட்டளை, ஆறாவது விதி: பணத்துக்காக வழக்குப் போட்டவன் பிரதிவாதிக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். ஆனால் நிபந்தனை உண்டு. தொகை நிச்சயமாகத் தெரிந்த தொகையாக இருக்க வேண்டும். இரண்டு கடனும் அதே இரண்டு பேருக்குள், அதே உறவில் இருக்க வேண்டும். என் அண்ணன் உனக்குத் தந்ததை என் கடனில் கழிக்க முடியாது. ‘ஈடு’ என்ற வார்த்தை ஓரளவு பொருந்துவது இங்கேதான்.

இந்தக் கணக்கு ஆப்செட் சட்டத்தின் அந்த நிபந்தனைகளை உதறிவிட்டு ஊருக்குள் வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் பாதையில் நம் பக்கம் கிடக்கிறது. சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போனால் மானாவாரிக் காடுகளில் காற்றாலைகள் நிற்பதைப் பார்க்கலாம். 1997இல் க்யோட்டோ நகரில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. 2005இல் அமலுக்கு வந்தது. பணக்கார தேசத்தில் புகை விடுகிறவர், ஏழை தேசத்தில் யாராவது புகை விடாமல் இருந்தால் அந்த விடாத புகையை டன் கணக்கில் விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பல அந்த ஏட்டில் பதிவாயின. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சான்று. இதையும் நம் பத்திரிகைகள் ‘கார்பன் ஈடுசெய்தல்’ என்று எழுதின.

விடாத புகையை எப்படி அளப்பது? அதற்கு முதலில் ஒரு அடிக்கோடு போட வேண்டும்: இந்தக் காற்றாலை வந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற கோடு. அதிலிருந்து விலகிய அளவுதான் விற்பனைச் சரக்கு. நிஜத்தில் காற்றாலை போட்டவர்களில் பலர், நூற்பாலை முதலாளிகள் உட்பட, போட்டதற்கு வேறு காரணங்கள் இருந்தன. சொந்த மின்சாரம் வேண்டும். வருமான வரியில் முதல் வருஷமே முழுச்செலவையும் தேய்மானமாகக் கழிக்கும் சலுகை 1990களில் இருந்தது. பிறகுதான் 80 சதவீதமாயிற்று. ஆக, க்யோட்டோ இல்லாவிட்டாலும் அந்த யந்திரங்களில் பல நின்றிருக்கும் என்று வாதிக்க இடமிருக்கிறது. அப்படியானால் விற்கப்பட்டது எது? நடந்ததை நடந்திராததிலிருந்து கழித்து வந்த எண். தொகை நிச்சயமில்லை, கடன்பட்டவரும் கொடுத்தவரும் ஒரே இருவர் இல்லை, புகையை மூச்சில் வாங்குகிறவர் மூன்றாம் ஆள். அவரை யாரும் கேட்கவில்லை. 2012 வாக்கில் அந்தச் சான்றுகளின் விலை சரிந்தது, சந்தை ஓய்ந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் மீது எனக்கு விரோதம் இல்லை. மலையில் காட்டை வெட்டிவிட்டுச் சமவெளியில் கன்று நட்டுக் கணக்கை நேர்செய்யும் வழக்கத்திலும் இதே வார்த்தை, இதே சாமர்த்தியம்.

எங்கேயோ வரைந்த கோட்டை மனசில் வைத்துக்கொண்டு, இங்கே இருப்பதை அதிலிருந்து விலகிய தூரமாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம் விமர்சனத்துக்கும் உண்டு. தமிழ் நாவல் ஐரோப்பிய நாவலிலிருந்து இத்தனை தூரம், புதுக்கவிதை எலியட்டிலிருந்து இத்தனை தூரம் என்று அளந்திருக்கிறோம். அளப்பது குற்றமில்லை. கோட்டின் இரண்டு முனையிலும் கல் எங்கே நட்டிருக்கிறது என்று அளந்தவரைக் கேட்டால், அவர் கோபித்துக்கொள்வார்.

கல்லோடு அளப்பவர் சர்வேயர்.

1767இல் கர்னல் கேம்ப்பெல்லின் படை வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்து கோட்டைகள் போன மறுவருஷம் சென்னைப் பரங்கிமலைக்கருகே லாம்டன் தன் முதல் அடிக்கோட்டை அளந்தான். பீரங்கிக்குப் பின் சங்கிலி. 1808இல் அவனுடைய அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அது மோதிச் சேதமானது சர்வே சரித்திரத்தில் பிரசித்தம். ஆனால் ரயத்தின் தலையெழுத்தை நிர்ணயித்தது தியோடலைட் அல்ல, அதற்குப் பின் வயலுக்குள் இறங்கிய சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாம் சொல்லும் ஒரு சென்ட் என்பது ஆயிரம் சதுரக் கண்ணி.

வரப்பு நேராக ஓடுவதில்லை. ஆகவே சர்வேயர் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு நேராகச் சங்கிலி இழுப்பார். அதன்மேல் நடந்து போகையில், வரப்பு திரும்பும் இடம் தனக்குச் செங்குத்தாக நேரே வரும்போது நின்று, அங்கே எத்தனை கண்ணி என்று குறிப்பார். பிறகு அங்கிருந்து வரப்புவரை பக்கவாட்டில் எத்தனை கண்ணி என்று அளப்பார். அந்தப் பக்கவாட்டு அளவுதான் ஆப்செட். சர்வே வட்டாரத்தில் வேறு பெயர் நான் கேட்டதில்லை. புல அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு படம். படத்தில் நேர்கோடு, அதன் இடமும் வலமும் எண்கள். விவசாயி உழுத வளைவெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. இதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஆப்செட் நீளமாக ஆக ஆகச் செங்குத்தில் வரும் சிறு தவறும் பெரிதாகும். ஆகவே கோட்டை வரப்புக்கு நெருக்கமாகவே போடச் சொல்வார்கள்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்தில் பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் அடுத்தடுத்த வயல். பாட்டன் காலத்தில் ஒன்றாக உழுதது. பாகம் பிரிந்த பிறகு, நடுவரப்பு ஒருவர் பக்கமாக நகர்ந்துவிட்டது என்று தகராறு. தாலுகா ஆபீஸிலிருந்து படத்தின் நகல் வாங்கினார்கள். கல்லுக்குக் கல் இருநூறு கண்ணி. நடுவில் வரப்பு வளையும் இடத்தில் ஆப்செட் எண்ணின் முதல் இலக்கம் மை கலங்கியிருந்தது. 15 என்பார் ஒருவர், 25 என்பார் மற்றவர். பத்துக் கண்ணி என்றால் ஆறடி ஏழு அங்குலம். இருநூறு கண்ணி அடிப்பக்கமும் பத்துக் கண்ணி உயரமுமான முக்கோணம் ஆயிரம் சதுரக் கண்ணி; சரியாக ஒரு சென்ட். இதற்காகப் பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் சாவு, கல்யாணம் கிடையாது.

மூத்தவர் என்னிடம் அந்த நகலை நீட்டினார். “தம்பி, நீங்க எழுத்துப் படிச்ச ஆளு. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இது ஒண்ணா, ரெண்டா?”

அது ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். அதையே சொன்னேன். அவர் நகலை மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். இலக்கியம் எதற்கு உதவும் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தப்பில்லை.

பிறகு மனுக் கொடுத்து சர்வேயர் வந்தார். சின்ன வயசுக்காரர். படத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. கலங்கிய எண்ணை வெறித்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘அ’ பதிவேட்டில் அந்த நம்பருக்கு எழுதியிருந்த விஸ்தீரணத்தை எடுத்துக்கொண்டு, படத்தை முக்கோணமும் சரிவகமுமாகப் பிரித்து, ஒருமுறை 15 வைத்தும் ஒருமுறை 25 வைத்தும் கூட்டினார். 25 வைத்தபோதுதான் பதிவேடு நேரானது. இளையவர் ஒன்றும் பேசவில்லை. “அண்ணாச்சிக்கு ஒரு சென்ட் இங்கிட்டு வருது” என்றார் சர்வேயர். உடனே கல் நட்டுவிட்டுப் போகும்படி மூத்தவர் சொன்னார்.

சர்வேயர் வயலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. கல்லிலிருந்து கல் தெரியவில்லை, நடுவே சங்கிலி இழுக்க வழியில்லை. வெட்டு முடிந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.